பெராவா, ஏஎஸ்எஸ்ஆரா, ஓஏஇயே போதுமா? காது டெஸ்ட் எடுக்கும் முன் ஒரு ஒப்பீடு

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா, துணிக்கடைப் பையிலிருந்து மூன்று ரிப்போர்ட்டுகளை எடுத்து என் மேஜைமேல் வரிசையாக வைத்தார். பையனுக்கு ஒன்றரை வயது. முதல் தாள் ஓஏஇ, உள்காது திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பிடிக்கும் டெஸ்ட்: இரண்டு காதிலும் ‘ரெஃபர்’, அதாவது பாஸ் ஆகவில்லை. இரண்டாவது பெரா, நரம்பின் மின்னலையைப் பதிவு செய்யும் டெஸ்ட்: ‘90 டெசிபல் வரை அலை இல்லை’. மூன்றாவது ஏஎஸ்எஸ்ஆர், சுருதி வாரியாகக் கணக்கிடும் டெஸ்ட்: 500 ஹெர்ட்ஸில் 70 டெசிபல், 1000-இல் 85, 2000-இல் 100, 4000-இல் 105. கூட வந்த பாட்டியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: “கதவ டப்புனு சாத்துனா திரும்பிப் பாக்குறான்மா. காதே கேக்கலங்கிறாங்க, அது எப்படி?”

மூன்று தாளும் சரி. பாட்டி சொன்னதும் சரி. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாலும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று புரிந்துவிட்டால், எந்த டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். பாகூர், பண்ருட்டி, வில்லியனூர், சிதம்பரம் என்று இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் கேட்பது இதைத்தான். குழந்தைக்காகக் கேட்பவர்கள்தான் அதிகம். சிப்காட்டிலும் நெய்வேலியிலும் வேலை பார்த்துக் காது மந்தமான பெரியவர்களும் உண்டு. அவர்கள் கேள்வி வேறு, அதற்கும் வருகிறேன்.

## முதலில், அந்த நம்பர் எதற்கு?

ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒரு காதுக்குக் கேட்கக்கூடிய மிகச் சின்னச் சத்தம் எவ்வளவு என்பதுதான் கேட்கும் எல்லை. சுருதியை ஹெர்ட்ஸில் சொல்கிறோம், சத்தத்தை டெசிபலில். பேச்சுக்கு முக்கியமானவை 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ். இதை நேரடியாக அளக்க ஒரே வழி, ஹெட்போன் மாட்டிவிட்டு “சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள்” என்று சொல்லும் ஆடியோமெட்ரிதான். மற்ற எல்லாமே மறைமுகம். காதிலிருந்தோ நரம்பிலிருந்தோ மூளையிலிருந்தோ வரும் ஒரு சின்னச் சைகையைப் பிடித்து, ‘இந்தச் சத்தம் இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆகவே இதுவரை கேட்கும்’ என்று கணிக்கிறோம்.

ஆள் பதில் சொல்ல வேண்டாம் என்பதால் இவற்றைப் புறநிலைச் சோதனைகள் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் மெஷின் பொய் சொல்லாது என்று தோன்றும். மெஷின் பொய் சொல்லாது, சரி. ஆனால் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை. ஒவ்வொரு சுருதிக்கும் தனி நம்பர் தருகிறதா? காது மெஷினுக்கு ப்ரோகிராம் போட வேண்டுமென்றால் இதுதான் முதல் கேள்வி. எவ்வளவு பெரிய இழப்பு வரை அளக்கும்? உள்காதில் ஆபரேஷன் செய்து வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இது முக்கியம். சத்தம் போகும் பாதையில் எந்த இடத்தில் காது வைத்துக் கேட்கிறது: உள்காதிலா, நரம்பிலா, மூளையின் மேல்மட்டத்திலா? தூங்க வேண்டுமா, விழித்திருக்க வேண்டுமா? வரும் நம்பரை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா, கழித்துப் பார்க்க வேண்டுமா? கடைசியாகப் பணம். அதில் டெஸ்ட்டுக்குக் கட்டுவது மட்டுமல்ல, எத்தனை தடவை லீவு போட்டு, பஸ் ஏறி வர வேண்டியிருக்கும் என்பதும் சேரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: இந்த நம்பரை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்? ‘சந்தேகம் தீர வேண்டும்’, ‘மெஷின் மாட்ட வேண்டும்’, ‘ஆபரேஷன் செய்யலாமா’, ‘சர்டிஃபிகேட் வேண்டும்’. நாலுக்கும் ஒரே டெஸ்ட் பொருந்தாது. கீழே உள்ள பட்டியலில் வரும் பெயர்களை அதற்கு அடுத்து ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

| டெஸ்ட் | எங்கே கேட்கிறது | சுருதி வாரியாக? | எதுவரை | ஆள் எப்படி இருக்க வேண்டும் | எங்கே ஏமாறலாம் |
|---|---|---|---|---|---|
| ஓஏஇ | உள்காதின் வெளி மயிர்ச்செல்கள் | ஓரளவு. ஆனால் எல்லை சொல்லாது | 30, 40 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் வராது | அசையாமல், அமைதியாக | சளி, காது அழுக்கு. நரம்புக் கோளாறில் ‘பாஸ்’ |
| கிளிக் பெரா | செவி நரம்பு, மூளைத்தண்டு | இல்லை. பெரும்பாலும் 2000–4000 | சுமார் 90–100 | தூக்கம் | 500, 1000-இல் உள்ள இழப்பும் தெரியாது, மிச்சக் கேள்திறனும் தெரியாது |
| டோன் பர்ஸ்ட் பெரா | அதே இடம் | ஆம் | கிளிக்கைவிடக் கொஞ்சம் குறைவு | நீண்ட தூக்கம் | பாதியில் குழந்தை எழுந்துவிட்டால் பாதி விடைதான் |
| ஏஎஸ்எஸ்ஆர் | கிட்டத்தட்ட அதே பாதை | ஆம், நாலும் ஒரே நேரத்தில் | 100-க்கு மேலும் போகும் | தூக்கம் | லேசான இழப்பையும் நார்மலையும் பிரிப்பது கடினம் |
| கார்ட்டிகல் | மூளையின் மேல்மட்டம் | ஆம் | பெரிய இழப்பு வரை | விழிப்பு | தூக்கக் கலக்கம். சின்னக் குழந்தைகளில் மாறிக்கொண்டே இருக்கும் |

## ஓஏஇ: நல்ல வாசல்காரர், நீதிபதி அல்ல

உள்காது சத்தத்தை வாங்குவதோடு நிற்பதில்லை, மிக மெல்லிய சத்தத்தைத் திருப்பியும் அனுப்புகிறது. 1978-இல் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி லண்டனில் இதைப் பதிவு செய்து காட்டினார். காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்து அந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் ஓஏஇ. சில நிமிடங்களில் முடியும், எலக்ட்ரோடு ஒட்ட வேண்டாம், செலவும் இந்தப் பட்டியலிலேயே குறைவு.

ஆனால் இது ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே சொல்லும். ‘இல்லை’ என்றால் இழப்பு 45-ஆ, 95-ஆ என்று தெரியாது. ‘ரெஃபர்’ என்ற வார்த்தையைப் பார்த்து அழுதுகொண்டே வருகிறவர்கள் உண்டு. பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையின் காதில் கர்ப்பத்து மாவு (பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு) அடைத்திருந்தாலே ரெஃபர் வரும். சளி இறங்கி நடுக்காதில் நீர் நின்றாலும் வரும். திரும்ப எடுக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.

எதிர்ப்பக்க ஆபத்துதான் பெரியது. மயிர்ச்செல்கள் நன்றாக இருந்து, அங்கிருந்து நரம்புக்குப் போகும் சைகை தாளம் தப்பிப் போனால், ஓஏஇ ‘பாஸ்’ ஆகும். பேச்சு மட்டும் புரியாது. குறைமாதம், கடுமையான மஞ்சள் காமாலை, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் என்று இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஓஏஇ பாஸ் என்ற ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஸ்க்ரீனிங் என்ற முதல்கட்டச் சோதனையையே பெராவில்தான் செய்ய வேண்டும்.

## பெரா: எந்தச் சத்தத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்

ஊரில் காது டெஸ்ட் என்றாலே பெராதான். நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலையைப் பதிவு செய்கிறோம். அந்த அலை ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் மற்ற மின் சத்தத்துக்கு நடுவே அது கடைத்தெருவில் ரகசியம் பேசுவது மாதிரி. அதனால் அதே சத்தத்தை ஆயிரம், இரண்டாயிரம் தடவை கொடுத்துச் சராசரி எடுக்கிறோம். வரிசையாக வரும் அலைகளில் ஐந்தாவது எந்த டெசிபல் வரை தெரிகிறது என்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவோம். அது காணாமல் போவதற்கு முந்தைய படிதான் எல்லை. தூங்கினாலும் மருந்து கொடுத்துத் தூங்கவைத்தாலும் இந்த அலை மாறாது, கைக்குழந்தைக்கு இது தோதாக இருப்பதே அதனால்தான்.

பெராவில் இரண்டு வகை இருக்கிறது. பல ரிப்போர்ட்டுகளில் எந்த வகை என்று சின்ன எழுத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. கிளிக் என்பது டக்கென்று ஒரு தட்டல். எல்லாச் சுருதியும் கலந்த சத்தம். ஆனால் நமக்குக் கிடைக்கும் அலை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து வருவது. டோன் பர்ஸ்ட் என்பது ஒரு சுருதியை மட்டும் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுப்பது. 500-க்குத் தனியாக, 2000-க்குத் தனியாக. நேரம் பிடிக்கும். இரண்டு காதுக்கும் நாலு சுருதி என்றால் குழந்தை நன்றாகத் தூங்கினாலும் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். அதனால்தான் பல இடங்களில் கிளிக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நானும் நிறுத்தியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கைக்குழந்தைக்குக் கிளிக் பெரா எடுத்தேன். 30 வரை இரண்டு காதிலும் அலை அழகாக வந்தது. ‘கிட்டத்தட்ட நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வயதில் பேச்சு தெளிவில்லை என்று திரும்ப வந்தாள். சத்தம் கேட்டால் கூடையில் பொம்மை போடும் விளையாட்டாக ஆடியோமெட்ரி செய்தோம். 2000, 4000 நன்றாக இருந்தது, 500-இல் 60. கிளிக் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் ரிப்போர்ட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு எண்ணும் சரிதான், ‘நார்மல்’ என்ற வார்த்தைதான் தப்பு. அந்தக் குழந்தையின் இரண்டரை வருஷம் அதில் போயிற்று.

நெல்லிக்குப்பத்துப் பையனின் கதை இதற்கு நேர் எதிர். மேல் சுருதிகளில் கிட்டத்தட்ட ஏதுமில்லை, கீழே கொஞ்சம் மிச்சம். கிளிக்குக்கு மேல் சுருதிதான் தெரியும். ஆகவே ‘90 வரை அலை இல்லை’. கதவு சாத்தும் சத்தமோ கனமானது, கீழ்ச் சுருதி. பாட்டியின் சாட்சிக்கும் 500-இல் 70 என்பதற்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்னொன்று: பெராவில் அலையை மெஷின் வரையும், ‘இதுதான் ஐந்தாவது’ என்று குறி வைப்பது பெரும்பாலும் ஆள். சத்தம் குறையக் குறைய அலை சப்பையாகிக்கொண்டே போகும், அப்போது அனுபவம்தான் பேசும். வெறும் நம்பர் மட்டும் உள்ள தாளை வாங்காதீர்கள், அலைப்படமும் கூட இருக்கட்டும். இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது அடுத்தவர் பார்ப்பது அதைத்தான்.

## ஏஎஸ்எஸ்ஆர்: பெரிய இழப்புக்குக் கெட்டி, சின்ன இழப்புக்குத் தடுமாற்றம்

இதிலும் எலக்ட்ரோடுதான், தூக்கம்தான். வித்தியாசம் என்னவென்றால், தட்டித் தட்டிக் கொடுக்காமல் சத்தத்தை விடாமல் கொடுத்து, அதன் வலிமையை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஏற்றி இறக்குகிறார்கள். மூளை அதே வேகத்தில் ஆடுகிறதா என்று கணினி பார்க்கிறது. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு வேகம் என்று வைத்துவிட்டால் நாலு சுருதியையும் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். அலை இருக்கிறதா என்பதைப் புள்ளியியல் கணக்கு முடிவு செய்வதால் படிப்பவரின் கண்ணை அவ்வளவாக நம்பவேண்டியதில்லை.

ஏஎஸ்எஸ்ஆரின் உண்மையான பலம் கனத்த இழப்பில்தான். பெரா கை விரிக்கும் இடத்துக்கு மேலும் சத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இழப்பு கூடக் கூட, இந்த நம்பருக்கும் பிற்பாடு ஆடியோமெட்ரியில் வரும் நம்பருக்கும் இடைவெளி குறைகிறது. இம்ப்ளான்ட் பற்றிய பேச்சு வந்த வீட்டில் ஏஎஸ்எஸ்ஆர் இல்லாமல் முடிவெடுக்க நான் விரும்பமாட்டேன்.

ஆனால் நன்றாகக் கேட்கும் குழந்தைக்கே சில சமயம் 30, 40 என்று காட்டிவிடும். லேசான இழப்பா, நார்மலா என்ற கேள்விக்கு இது சரியான ஆள் இல்லை. மறு ஓரத்திலும் ஒரு பள்ளம் உண்டு. 95, 100-க்கு மேல் கொடுக்கும்போது, சுத்தமாகக் கேட்காதவர்களிடமும் ‘பதில் வந்தது’ என்று கணினி எழுதிவிடுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே 110-இல் வந்த ஒற்றைப் பதிலை ‘மிச்சக் கேள்திறன்’ என்று கொண்டாட வேண்டாம். ஓஏஇ பாஸ் ஆகிப் பெரா வராத நரம்புக் கோளாறிலும் இந்த நம்பரை வைத்து எல்லையைக் கணிக்க முடியாது, பெராவை வைத்தும் முடியாது. அந்தக் குழந்தைகளுக்கு நடத்தையைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும், அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

‘பெராவைவிட இது அட்வான்ஸ்டு’ என்று சொல்லி விற்பதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஏணிப்படி எதுவும் கிடையாது. வேறு கேள்விக்கான வேறு டெஸ்ட், அவ்வளவுதான்.

## கார்ட்டிகல்: விழித்திருக்கும் பெரியவருக்கு

சத்தம் மூளையின் மேல்மட்டம் வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. இதில் தூங்கக் கூடாது. சத்தமில்லாமல் டிவி ஓடவிட்டு உட்காரவைத்து எடுப்பார்கள். பெரியவர்களில் ஆடியோமெட்ரிக்குப் பக்கத்தில் வரும் நம்பரைத் தருவதால், பதிலை நம்புவதா வேண்டாமா என்ற சங்கடம் வரும் இடங்களில் உதவுகிறது. இழப்பீட்டு வழக்கு அப்படி ஒரு இடம். தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில் உள்ள அறிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் இரைச்சலால் வரும் காது இழப்பும் இருக்கிறது. தொழிலாளி பொய் சொல்கிறார் என்று நிர்வாகம் சொல்லும், உண்மையாகவே கேட்கவில்லை என்று அவர் சொல்வார். கையை உயர்த்தாமலே பதில் தரும் டெஸ்ட் அப்போது இரண்டு தரப்புக்கும் நல்லது. இரைச்சல் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் குழி விழும். ஆகவே சுருதி வாரியாக எடுக்காத எதுவும் இங்கே அரைகுறைதான்.

எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதுதான் இதன் குறை. குழந்தைகளுக்கு, எல்லையைக் கண்டுபிடிப்பதைவிட, மெஷின் மாட்டியபின் பேச்சுச் சத்தம் மூளைக்குப் போகிறதா என்று சரிபார்க்க இது அதிகம் பயன்படுகிறது.

## பில்லில் வராத செலவுகள்

தூக்கம்தான் முதல் செலவு. ‘குழந்தையைக் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், டெஸ்ட்டுக்கு முன்னால் பசியாற்றித் தூங்கவையுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறோம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது இருபத்திரண்டு கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் பஸ் ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிடும். அரியாங்குப்பத்தில் கண்ணைத் திறந்தால் அப்புறம் மதியம் வரை தூங்காது. ‘நாளைக்கு வாங்க’ என்ற ஒரு வார்த்தையில் ஒரு நாள் கூலி போகிறது. முடிந்தால் ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே வாருங்கள். இதைவிட நல்லது, மூன்று நாலு மாதத்துக்குள் வந்துவிடுவது. அந்த வயதில் பால் குடித்ததும் தானாகத் தூங்கும். ஒரு வயதுக்குமேல் போராட்டம்.

தூக்க மருந்து அடுத்தது. ட்ரைக்ளோஃபாஸ் சிரப்பை வீட்டிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மருந்தை டாக்டர் எடை பார்த்து எழுத வேண்டும், கொடுத்தபின் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனிக்க ஆள் இருக்க வேண்டும். பஸ்ஸில் அந்த ஆள் கிடையாது.

மூன்றாவது, எண்ணெய். நம் வீட்டுக் குழந்தை வெளியே கிளம்பினால் தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர், நெற்றியில் பெரிய மைப்பொட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. எலக்ட்ரோடு ஒட்டும் இடம் அந்த நெற்றியேதான். எண்ணெயும் மையும் இருந்தால் மின்தடை ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது, அலை சேறாக வரும். நாங்கள் தேய்த்துத் துடைப்பதற்குள் குழந்தை விழித்துவிடும். முந்தின நாள் தலைக்கு ஊற்றுங்கள், திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சளி. நடுக்காதில் நீர் இருந்தால் எல்லா டெஸ்ட்டும் உள்ளதைவிடப் பெரிய இழப்பைக் காட்டும். அந்த நீர் இருக்கிறதா என்று பார்ப்பது டிம்பனோமெட்ரி, இம்பெடன்ஸ் என்றும் சொல்வார்கள். ஐந்து நிமிட வேலை, செலவும் கம்மி. மற்ற டெஸ்ட்டுகளுக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 1000 ஹெர்ட்ஸ் முனையில் எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எடுக்கும் 226 ஹெர்ட்ஸ் அந்தச் சின்னக் காதில் நீரைத் தவறவிடலாம்.

ஐந்தாவதுதான் ரொம்ப நாள் தெரியாமல் கிடப்பது. பெராவில் வரும் எல்லை, காது உண்மையில் கேட்கும் எல்லையைவிடப் பொதுவாகக் கொஞ்சம் மேலே இருக்கும். டோன் பர்ஸ்ட்டில் சுருதியைப் பொறுத்து 10, 20 டெசிபல் கூட. அதைக் கழித்துவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். கழிக்காமல் போட்டால் மெஷின் தேவைக்கு மேல் கத்தும், குழந்தை பிடுங்கிப் பிடுங்கி எறியும், ‘இவனுக்கு மெஷின் ஒத்துக்கல’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் உள்ள நம்பர் கழித்ததா, கழிக்காததா என்று ஒரு வரி எழுதித்தரச் சொல்லுங்கள். சில ஏஎஸ்எஸ்ஆர் கருவிகள் தாமே கழித்துவிட்டுத்தான் வரைபடம் போடும். அதை இன்னொரு தடவை கழித்தாலும் தப்பு.

## யாருக்கு எது

பிறந்த குழந்தை, எந்தச் சிக்கலும் இல்லை: ஓஏஇ போதும். ரெஃபர் வந்தால் சில நாள் கழித்துத் திரும்ப. மறுபடி ரெஃபர் என்றால் பெராவுக்குப் போய்விடுங்கள். ஒரு மாதத்துக்குள் ஸ்க்ரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷின் என்பது உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் கணக்கு. நம் பக்கம் ‘அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று இரண்டு வயது வரை தள்ளுகிறோம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் ஏற்கனவே காது கேளாதவர் இருந்தால் தாத்தா கதையை நம்பிக் காத்திருக்கவே வேண்டாம்.

இன்குபேட்டரில் இருந்த குழந்தை: பெரா கட்டாயம், கூடவே ஓஏஇயும். ஓஏஇயை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மெஷின் மாட்ட வேண்டிய கைக்குழந்தை: என் ஓட்டு டோன் பர்ஸ்ட் பெராவுக்கு. நேரமில்லை என்றால் இரண்டு காதிலும் 2000, 500 என்ற இரண்டு சுருதி மட்டுமாவது. அதை வைத்து மெஷினை ஆரம்பித்துவிடலாம், மீதியை அடுத்த தூக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். எலும்பு வழியாகவும் ஒரு பெரா எடுத்தால் அடைப்பா, உள்காதா என்று பிரிந்துவிடும்.

பெராவில் ஒன்றுமே வராத குழந்தை, இம்ப்ளான்ட் யோசனை: ஏஎஸ்எஸ்ஆர். அதோடு கிளிக்கை இரண்டு திசைத் துடிப்பிலும் (செவிப்பறையை உள்ளே தள்ளுவது ஒன்று, வெளியே இழுப்பது ஒன்று) தனித்தனியாக எடுத்து, நரம்புக் கோளாறு இல்லை என்று பார்த்தபின்தான் ‘அலை இல்லை’ என்பதற்குப் பொருள் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இம்ப்ளான்ட் கிடைக்கிறது, ஆகவே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு எல்லைத் தகராறு உண்டு: பாகூர்க்காரருக்குக் கடலூர்தான் கைக்கு எட்டும் தூரம், ஆனால் முகவரி புதுச்சேரி. அந்தத் திட்டம் அவருக்குப் பொருந்தாது. அலைவதற்கு முன் ஆதாரில் உள்ள முகவரியைப் பாருங்கள்.

இரண்டரை வயதுக்கு மேல், விளையாட வரும் குழந்தை: முதலில் பொம்மை ஆடியோமெட்ரி. இரண்டு மூன்று தடவை பழக்கினால் பெரும்பாலான குழந்தைகள் செய்துவிடுகின்றன. செலவு குறைவு, தூக்கமில்லை, கிடைப்பது நிஜமாகவே கேட்பதன் அளவு. ‘மெஷின்ல போட்டுப் பாத்துடுங்க மேடம்’ என்று அவசரப்படும் அப்பாக்களிடம் நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான்.

சர்டிஃபிகேட்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர், 60 முதல் 70 என்றால் கேட்கும் குறை உள்ளவர். பெரியவருக்கு அடிப்படை ஆடியோமெட்ரிதான். பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் பெரா கேட்பார்கள். கிளிக் பெரா ஒன்றை முன்கூட்டியே வெளியே எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் வீண் செலவு.

எங்கே எடுப்பது என்றும் கேட்கிறார்கள். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி என்று பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. அரசு இடத்தில் காசு மிச்சம், நாள் செலவு. தனியார் இடத்தில் அதற்கு நேர்மாறு. எங்கே போனாலும் முன்னாடியே கேட்க வேண்டியது: டோன் பர்ஸ்ட் எடுப்பீர்களா, டிம்பனோமெட்ரி உண்டா, எடுப்பவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியோலஜிஸ்ட்தானா?

## அந்தப் பையன்

மூன்று தாளையும் இரண்டு தடவை புரட்டினேன். டிம்பனோமெட்ரி எதிலும் இல்லை. பையனின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் ஐந்து நிமிடத்தில் எடுத்தோம்: இரண்டு காதிலும் கோடு தட்டையாகப் படுத்துக்கிடந்தது. நீர். அப்படியென்றால் அந்த 70, 85, 100, 105-இல் ஒரு பங்கு சளியின் கணக்கு. நீர் வற்றினாலும் மெஷின் வேண்டாம் என்று ஆகிவிடாது, ஆனால் எவ்வளவு பலமான மெஷின், இம்ப்ளான்ட் தேவையா இல்லையா என்பது மாறக்கூடும். 1976-இல் ஜெர்கர், ஹேய்ஸ் என்ற இரண்டு ஆடியோலஜிஸ்ட்டுகள் குழந்தைகள் விஷயத்தில் ஒரு டெஸ்ட்டை இன்னொன்றால் சரிபார்க்காமல் நம்பாதீர்கள் என்று எழுதினார்கள். இங்கே மூன்று விலையுயர்ந்த தாள்கள் இருந்தும் அந்த மலிவான நாலாவது இல்லாமல் போயிருந்தது.

காது-மூக்கு-தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதினேன். நீர் வற்றியதும் டோன் பர்ஸ்ட், 500-உம் 1000-உம் முதலில். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று கடன் மெஷின் ஒன்றை மிதமான சத்தத்தில் வைத்துக் கொடுத்தேன்.

“அடுத்த தடவை எண்ணெய் வேண்டாம், பொட்டு வேண்டாம். முக்கியமா, பஸ்ல தூங்க விடாதீங்க.”

அம்மா பாட்டியைப் பார்த்தார். பாட்டி பையனின் நெற்றி மையை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஜன்னல் சீட்டு பிடிச்சுட்டா போதும். எதுத்தாப்புல வர்ற லாரி ஹாரன் அடிச்சா இவன் கண்ண மூட மாட்டான்.”

லாரி ஹாரன். அதையும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டேன்.